ஒரு பீடிக்கு 22 விநாடி

ஆவணப்படம் கற்ற நாட்களின் குறிப்பேட்டிலிருந்து

*

முதல் வகுப்பில் கிடைத்த பயிற்சி: ஒரு நிமிடம், ஒரே ஷாட். கேமரா அசையக் கூடாது, ஜூம் கூடாது, எடிட்டிங் கூடாது. 1895-இல் லூமியேர் சகோதரர்களுக்கு வாய்த்ததும் அவ்வளவுதான். கையால் சுழற்றும் மரப்பெட்டி, 17 மீட்டர் ஃபிலிம், சுமார் 50 விநாடி. அதற்குள் நடப்பதுதான் படம்.

விடுதி வாசலில் பூ விற்கும் அம்மாவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, எடுத்தேன். முதல் 20 விநாடியில் நான் நினைத்ததெல்லாம் நடந்தது. பூ கட்டினார், முழம் போட்டார், சாக்கு மேல் தண்ணீர் தெளித்தார். அதற்குப் பிறகு ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, காசு கொடுக்காமலே பூவை வாங்கிக்கொண்டு போனான். அவர் திரும்பி, கூடைக்குப் பக்கத்தில் இருந்த காலண்டர் அட்டையில் ஒரு கோடு போட்டார். கடன் கணக்கு. நான் முன்னமே நிறுத்தியிருந்தால் அந்தக் கோடு எனக்குக் கிடைத்திருக்காது.

குறித்துக்கொள்: எடுக்க வந்தது முடிந்ததும் மனதுக்குள் பத்து எண்ணு. அதற்குப் பிறகு நிறுத்து.

*

லூமியேர்களின் முதல் பொதுக் காட்சி 1895 டிசம்பர் 28, பாரிஸ். அன்று காட்டிய பத்துப் படங்களில் ஒன்றில், அண்ணன் ஒகுஸ்த் மனைவியோடு மேசையருகே உட்கார்ந்து கைக்குழந்தைக்கு ஊட்டிவிடுகிறார். எடுத்தவர் தம்பி லூயி. ஆக, லூமியேர்களின் சினிமா ஊருக்குக் காட்டப்பட்ட முதல் நாளிலேயே வீட்டுப் படம் ஒன்றும் அதில் இருந்திருக்கிறது. குழந்தையைவிட, பின்னால் காற்றில் அசைந்த இலைகளைப் பார்த்துத்தான் பலர் வியந்தார்கள் என்று சொல்வதுண்டு. நாடகத் திரையில் வரைந்த மரம் அசைவதில்லையே.

எனக்கு இது பெரிய தைரியம். சொந்த வீட்டை எடுப்பது சின்ன வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

*

அரையாண்டுப் படத்துக்குத் தலைப்பு எழுதித் தரச் சொன்னார்கள். பத்து நிமிடத்துக்குள், சொந்த வாழ்க்கையிலிருந்து. முதலில் கூவம் என்று எழுதினேன். வகுப்பில் ஏழு பேர் கூவம் என்று எழுதியிருந்தோம். ஆசிரியர் எல்லாத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கேமரா இல்லாமலே உன்னால் மட்டும் போய் உட்கார முடிகிற இடம் எது?"

அன்று இரவு தூங்கவில்லை. விடை எனக்குத் தெரியும், எழுதக் கூச்சமாக இருந்தது. முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். நடைவாசலில் அம்மா பீடி சுற்றுவாள். சுளகுக்கு இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்து, அம்மா சுற்றிப் போட்ட பீடிகளின் வாயை மடக்கித் தருவது என் வேலை. நான் படிப்பதே பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையைச் சேர்த்துத்தான். ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பத்தோடு அம்மாவின் தொழிலாளர் அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வைப்பேன். அந்த அட்டையை விடுதித் தோழிகள் யாருக்கும் காட்டியதில்லை.

தலைப்பு: சுளகுக்குப் பக்கத்து இடம்.

*

நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். வீட்டுக்குப் போன அன்றே எடுக்கத் தொடங்கினேன். இரண்டு மணி நேரம் எடுத்ததை இரவு போட்டுப் பார்த்தேன். எல்லாம் தப்பு. எது தப்பு என்று தெரியவில்லை. ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, கை நடுங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவோடு பீடிக் கடைக்குப் போனபோது விளங்கியது. கடையில் கணக்குப் பார்ப்பவர் மேசைக்குப் பின்னால் நின்று, குனிந்து, கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழித்துப் போடுகிறார். நானும் முந்தின நாள் அப்படித்தான் நின்றுகொண்டு, அம்மாவின் உச்சந்தலையை, சுளகை, கைகளை மேலிருந்து பார்த்திருக்கிறேன். சரக்குப் பார்க்கிற கண் அது. மகளின் கண் அந்த உயரத்தில் இருந்ததே இல்லை.

குறித்துக்கொள்: கேமரா தரையிலிருந்து ஒன்றரை அடி. ட்ரைபாட் வேண்டாம். அரிசிச் சாக்கை மடித்து அதன் மேல் போன்.

*

நடைவாசலில் வெளிச்சத்துக்காகத்தான் உட்கார்கிறார்கள். வாசல் அம்மாவுக்குப் பின்னால் வந்தால் வெளியே வெள்ளையாக வெந்துபோய் முகம் கறுத்துவிடுகிறது. போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். யாராவது வாசலில் நடந்தால் படம் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். திரையில் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். வாசலுக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்தால் முகமெல்லாம் தெளிவு. பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன், இடது பக்கம்.

டியூப் லைட்: இரவில் எடுத்ததில் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. விநாடிக்கு 30 பிரேம் வைத்தால் அதோடு ஒத்துப்போகாது. 25 பிரேம், ஷட்டர் விநாடியில் 50-இல் ஒரு பங்கு. கோடு போய்விட்டது.

*

வேலையின் வரிசை. ஷாட் பட்டியலுக்காக எழுதுகிறேன். இதுவரை எழுதிப் பார்த்ததே இல்லை.

முந்தின இரவு இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது. காலையில் பதமான இலையை எடுத்து, தகர அளவை வைத்து, கத்தரியால் சுற்றி நறுக்குவது. நறுக்கிய இலைகள் உலராமல் ஈரத் துணிக்குள். இடது கையில் இலை, வலது கையில் ஒரு சிட்டிகை தூள். தூளை இலை நெடுகப் பரப்புவது கட்டைவிரல். சுற்றுவது இரண்டு கையும் சேர்ந்து; ஒரு முனை பருத்து, ஒரு முனை சிறுத்து வர வேண்டும். சிறுத்த பக்கம் நூல். பருத்த பக்கம் வாய் மடக்குவது. தளர்ச்சியாகச் சுற்றினால் கடையில் கழித்துவிடுவார்கள், இறுக்கிச் சுற்றினால் புகை வராது என்று கழித்துவிடுவார்கள்.

இதில் எந்த இடத்திலும் அம்மா கையைப் பார்ப்பதில்லை. தெருவைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்ப்பாள், பேசுகிற ஆளைப் பார்ப்பாள். கை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கையையும் முகத்தையும் ஒரே ஷாட்டில் பிடித்தால்தான் இது தெரியும். கையை மட்டும் குளோசப் எடுத்தால் அது செய்முறை விளக்கம்.

*

ரேடியோ பிரச்சினை.

எங்கள் வீட்டில் பொழுது விடிந்தால் திருநெல்வேலி வானொலி. எடுத்ததையெல்லாம் கேட்டுப் பார்த்தால் பின்னால் சினிமாப் பாட்டு. இரண்டு சிக்கல். ஒன்று, பாட்டுக்கு உரிமை உள்ளவரின் அனுமதி இல்லாமல் விழாக்களுக்குப் படத்தை அனுப்ப முடியாது. இரண்டு, அம்மா பேச்சின் நடுவே ஒரு வாக்கியத்தை வெட்டினால் பாட்டு துள்ளிக் குதிக்கிறது. பல்லவியிலிருந்து சரணத்துக்குப் பாய்ந்துவிடும். பார்ப்பவர் காதுக்கு வெட்டு கேட்டுவிடும்.

அம்மாவிடம் ரேடியோவை அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். பத்து நிமிடத்தில் தோளைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "ரேடியோ இல்லன்னா கை ஓடமாட்டேங்கிட்டி." உண்மைதான். வேகம் குறைந்திருந்தது. அந்தத் தாளத்தை எடுத்துவிட்டு அவள் வேலையைப் படம் பிடிக்கிறேன் என்றால் நான் பிடிப்பது வேறு யாருடைய வேலையையோ.

விடிகாலை 5 மணிக்கு விழிப்பு வந்தது. அம்மா எழுந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ இன்னும் போடவில்லை. கத்தரிச் சத்தம், குழாயடியில் குடம் வைக்கும் சத்தம், ஒரு சேவல். படத்தின் நேரம் இதுதான். 5 மணியிலிருந்து ரேடியோ போடுகிற வரைக்கும்.

படத்தின் கடைசி ஷாட்டும் கிடைத்துவிட்டது. கை நீண்டு ரேடியோவின் பித்தானைத் திருகுகிறது. 'டக்.' பாட்டு வருமுன் இருட்டு.

*

"அம்மா, இன்னொரு தடவை சுத்து, போகஸ் போயிருச்சு."

இதை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்றாவது முறை அவள் பீடியைப் பிரித்து மறுபடியும் சுற்றினாள். இலை ஓரத்தில் கிழிந்தது. ஒன்றும் சொல்லாமல் கிழிந்த இலையைத் தனியே வைத்தாள். கடையில் இலையை நிறுத்துக் கொடுப்பார்கள். இத்தனை இலைக்கு இத்தனை பீடி வர வேண்டும். குறைந்தால் இலை வாங்கி ஈடுகட்டுவது அவள் பொறுப்பு. என் 'இன்னொரு தடவை'க்கு அவள் பையிலிருந்து காசு போகிறது.

வகுப்பில் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக்' (1922) பார்த்திருந்தோம். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று, ஒரு பக்கம் திறந்த பெரிய பனிவீட்டைக் கட்டி, அதற்குள் நானூக்கின் குடும்பத்தை உறங்கி எழச் செய்து எடுத்தார் என்று படித்தோம். 'நானூக்' என்பதே படத்துக்காக வைத்த பெயர். நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். இது சரியா தவறா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதாடினோம். கிழிந்த இலையைப் பார்த்த பிறகு எனக்கு வாதம் வேண்டியிருக்கவில்லை.

முடிவு: இனி இன்னொரு தடவை கிடையாது. தவறவிட்டால் அடுத்த பீடிக்குக் காத்திரு. அடுத்த பீடி எப்படியும் வரும்.

*

காலர் மைக்கைச் சேலை முந்தானையில் செருகிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனதும் இருவருக்குமே அது மறந்துபோனது. அம்மா எதிர்த்த வீட்டு அத்தையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ராத்திரி ஹெட்போனில் கேட்கிறேன்: படிக்கட்டு இறங்குகிற சத்தம், தெரு, அத்தை வீட்டுக் கதவு. பிறகு இரண்டு பேரும் பேசுகிறார்கள். என்னைப் பற்றி. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைப் பற்றி.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, முழுக்கக் கேட்டேன். இதற்காக வெட்கப்படுகிறேன்.

படத்துக்கு இதைவிட வலுவான நான்கு நிமிடம் கிடைக்காது. அந்த எண்ணமும் அப்போதே வந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அழிச்சிருட்டி" என்றாள். அவள் முன்னாலேயே அழித்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: மைக்கைச் செருகும்போது "இப்ப ஓடுதும்மா" என்று சொல்வது, கழற்றும்போது "நின்னுட்டு" என்று சொல்வது. பெயரும் கையெழுத்தும் வாங்கும் ஒப்புதல் படிவம் ஒன்று உண்டு. அது தேவைதான். ஆனால் படிவம் ஒரு நாள் வாங்குவது. ஒப்புதல் தினமும் வாங்க வேண்டியது.

*

இரண்டாம் பயணத்தில் எடுத்த ஒரு நாள் வேலை முழுக்கப் போயிற்று. கார்டில் இருந்ததை லேப்டாப்பில் போட்டுவிட்டேன் என்று நினைத்து கார்டை அழித்தேன். லேப்டாப்பில் ஃபோல்டர் இருந்தது, உள்ளே பாதி கோப்புகள்தான் இருந்தன.

ஃபிளாஹர்ட்டி முதலில் எடுத்த 30,000 அடி நெகட்டிவ் 1916-இல் அவர் கையிலிருந்து விழுந்த சிகரெட்டில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு மறுபடியும் வடக்கே போய் எடுத்ததுதான் இன்று நாம் பார்க்கும் 'நானூக்'. ஆர்.வி. ரமணியின் கேமராவை 2004 சுனாமி கெடுத்துவிட்டது. அந்தக் கேமராவைப் பற்றியே அவர் ஒரு படம் செய்தார், 'மை கேமரா அண்ட் சுனாமி' (2011). இழந்த கேமராவோடு தனக்கு இருந்த உறவு என்ன என்று தேடிப் போகிற படம். நேற்று இரவு அழுதுகொண்டே படுத்தேன். இன்று இந்த இரண்டையும் எழுதிவைத்த பிறகு மனம் நிலைப்பட்டது.

விதி: மூன்று பிரதிகள். இரண்டு வேறு வேறு டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். மூன்றாவது பிரதியைத் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிப்பது.

*

இந்த மாதம் பார்த்தவை.

ஜோனஸ் மேக்கஸ். லிதுவேனியாவிலிருந்து அகதியாக 1949-இல் நியூயார்க் வந்து இறங்கிய சில வாரங்களில் கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கினார். இருபது வருடம் கழித்து, சேர்ந்த துண்டுகளிலிருந்து 'வால்டன்' (1969). தினமும் கொஞ்சம் எடுத்தவர். நாட்குறிப்பு எழுதுகிறவரின் கை.

அன்னியஸ் வார்தா, அறுவடைக்குப் பின் மிச்சம் பொறுக்குகிறவர்களைப் பற்றிய படம் (2000). சின்ன டிஜிட்டல் கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை எடுக்கிறார்: சுருங்கிய, புள்ளி விழுந்த தன் கை. அவருக்கு அப்போது 70 வயதை ஒட்டி. பிறர் பொறுக்குவதைக் காட்டும் படத்துக்குள் தன் முதுமையையும் பொறுக்கி வைக்கிறார். கேமராவை நிறுத்த மறந்து, லென்ஸ் மூடி தொங்கி ஆடியதைக்கூட எறியாமல் இசை சேர்த்து வைத்திருக்கிறார்.

ஷாந்தால் ஆக்கெர்மன், 'நியூஸ் ஃப்ரம் ஹோம்'. திரையில் நியூயார்க் தெருக்கள், சுரங்க ரயில். மேலே, பெல்ஜியத்திலிருந்து அம்மா எழுதிய கடிதங்களை மகள் வாசிக்கிறாள். ரயில் சத்தம் வந்தால் கடிதம் மூழ்கிவிடும். அம்மாவின் முகம் படத்தில் இல்லவே இல்லை. ஆக்கெர்மனின் கடைசிப் படமும் (2015) அம்மாவைப் பற்றியதுதான். அதில் சமையலறையில், மேசை முன்னால், அம்மா இருக்கிறாள்.

ஆனந்த் பட்வர்தன். அரசியல் படங்களின் நடுவே தன் அப்பாவையும் அம்மாவையும் வீட்டில் எடுத்துவைத்தது 2023-இல் ஒரு முழுப் படமாகியது. எடுத்தபோது படம் என்று நினைத்திருக்க வேண்டியதில்லை. எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003). மதுரையில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைக் கேமரா விலகாமல் கூடவே போய்ப் பார்க்கிறது. விளக்கவுரை இல்லாமலே எல்லாம் விளங்குகிறது.

ஏ.கே. செட்டியார், 'அண்ணல் அடிச்சுவட்டில்'. காந்தி ஆவணப்படத்துக்காக உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்த கதையை அவரே எழுதியிருக்கிறார். 1940-இல் படம் தமிழில் வெளிவந்தது. கோட்டையூர்க்காரர் ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதைப் படிக்கும்போதே முதுகு நிமிர்கிறது. நான் போக வேண்டியது நடைவாசல் வரைக்கும்தான். அந்தத் தூரத்தையும் அவர் அளவு பொறுமையோடு போக வேண்டும்.

*

பின்னணிக் குரலுக்காக நான்கு பக்கம் எழுதினேன். 'என் அம்மாவின் விரல்களில்...' என்று தொடங்கும். வகுப்பில் வாசித்தபோது நல்ல கைதட்டல். படத்தின் மேல் வைத்துக் கேட்டால், விரலைக் காட்டும்போது விரல் என்று சொல்கிறேன், இலையைக் காட்டும்போது இலை என்று சொல்கிறேன். அம்மாவைப் பார்க்க விடாமல் நான் நடுவில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறேன்.

நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் நான் படத்தில் எங்கே? ஆசிரியர் ஒரு வழி சொன்னார்: "எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ பேசியதை எல்லாம் தேடிக் கேள்."

கேட்டேன். ஓர் இடத்தில் அம்மா எதையோ நினைத்துச் சிரிக்கிறாள். நான் கேட்கிறேன்: "என்னம்மா, நீயா சிரிக்கே?" சென்னையில் மூன்று வருடமாக நான் பேசாத பேச்சு. விடுதியில் 'சிரிக்கிற' என்றுதான் சொல்வேன், யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. ஹெட்போனில் என் சொந்தக் குரல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மூன்று வார்த்தை போதும். படத்தில் என் குரல் அவ்வளவுதான் வரும்.

*

எடிட்டிங். மொத்தம் 6 மணி 40 நிமிடம். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதினேன். எட்டு நாள். சலிப்பான வேலை என்று சொன்னார்கள். எனக்கு இதுதான் படிப்பின் நடுப்பகுதி. '00:14:20, இலை நறுக்கு, இருமல்.' '00:31:05, பூனை, அம்மா காலை நீட்டுகிறாள்.' எழுதாமல் விட்டிருந்தால் எத்தனை முறை இருமினாள் என்று எனக்குத் தெரிந்திருக்காது. தூள் உள்ளே போகிற இருமல். வீட்டில் இருந்த நாளெல்லாம் அது காதில் விழுந்ததே இல்லை.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். ஒலியைச் சுத்தம் செய்ய வேறொரு மென்பொருளை ஒரு நண்பன் போட்டுக் கொடுத்தான். ஃபேன் சத்தம் போனது. கூடவே இலை மடங்கும் சரசரப்பும் போனது. இருமலில் பாதி போனது. அந்தக் கருவிக்கு இலையும் இரைச்சல்தான். எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். ஃபேன் இருக்கட்டும்.

குறித்துக்கொள்: ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய். வெட்டுகளுக்கு அடியில் அதை விரித்தால் ஒட்டுத் தெரியாது.

*

பொங்கல் விடுமுறை. முதல் வடிவம் தயார், 9 நிமிடம். லேப்டாப்பை முக்காலியில் வைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும் கேட்டாள்:

"ஏட்டி, இதுல நான் எத்தன பீடி சுத்திருக்கேன்?"

எனக்குத் தெரியவில்லை.

"நாலு. ஒம்பது நிமிசம்னு சொன்ன. ஒம்பது நிமிசத்துல நாலு பீடி சுத்துனா நான் உன்னயப் படிக்க வச்சிருக்க முடியுமா? பாக்கவங்க என்ன நெனப்பாங்க, இவ சும்மா உக்காந்து பேசிட்டே இருக்கான்னு."

கோபமில்லை. கணக்கைச் சொன்னாள். கழித்துப் போட்ட பீடியை எடுத்துப் பார்த்து எங்கே பிழை என்று சொல்கிற மாதிரி.

அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் வெட்டி வெட்டி எடுத்தது அவள் நிமிர்ந்த நேரங்கள், சிரித்த நேரங்கள், சன்னலைப் பார்த்த நேரங்கள். முகம் அழகாக விழுந்த இடங்கள். வேலையைத் துண்டு துண்டாக இடையில் தூவியிருந்தேன். ஒரு பீடி கூட இலையில் தொடங்கி வாயில் முடியவில்லை. ஒவ்வொரு ஷாட்டும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய். அவளுடைய வேகம்தான் அவள். அதை நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பீடிக்கு 22 விநாடி. ரேடியோ ஓடினால் 20.

*

மறுபடியும் மூலத்தைத் தோண்டினேன். மூன்றாம் பயணம், இரண்டாம் நாள், காலை 5.40. கையும் முகமும் ஒரே சட்டகத்தில். நான் எதுவும் கேட்கவில்லை, அவள் எதுவும் சொல்லவில்லை. மூன்று பீடி தொடர்ச்சியாக. 66 விநாடி. முதல் பயிற்சியில் சொன்னார்களே, ஒரு நிமிடம், ஒரே ஷாட் என்று. நான் தேடியது முதல் வகுப்பிலேயே இருந்திருக்கிறது.

அதைப் படத்தின் நடுவில் வைத்தேன். வெட்டு இல்லை, குரல் இல்லை. ஃபேன், இலை, ஒரு இருமல்.

வகுப்பில் திரையிட்டபோது முதல் பீடி வரை எல்லோரும் படம் பார்த்தார்கள். இரண்டாவதில் நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ போனை எடுத்தார். மூன்றாவதில் அறை அமைதியானது. மறுபடியும் அதே இலை, அதே சிட்டிகை, அதே கட்டைவிரல் என்று கண்டபோது, இது நாள் முழுக்க நடப்பது என்று அவர்களுக்குத் தானாகப் புரிந்தது. எத்தனை ஆயிரம் என்று நான் எழுத்தில் போட வேண்டியிருக்கவில்லை.

திரையிடல் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஒட்டியவராம். மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் எங்கள் இருவருக்குமே தெரியாது.

*

நேற்று ஊரில் இரண்டாம் வடிவத்தைப் போட்டேன். எதிர்த்த வீட்டு அத்தை, பக்கத்துத் தெருச் சித்தி, இன்னும் மூன்று பேர். எல்லோரும் கையில் வேலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் படத்தைப் பார்க்கவில்லை, இடது பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தேன். அந்த 66 விநாடி வந்தது. மடியில் கிடந்த கைகள் மெல்ல எழுந்தன. இடது கை இலையைப் பிடிப்பது போலக் குவிந்தது. கட்டைவிரல் இல்லாத தூளைப் பரப்பியது. அவளுக்கு அது தெரியவே இல்லை, கண் திரையில் இருந்தது. முதல் பீடியில் மடிக்கை கொஞ்சம் முந்தியது. இரண்டாவதில் இரண்டும் சமமாயின. மூன்றாவதில் திரையிலிருந்த கை நூலைச் சுண்டி அறுத்தபோது, மடியிலிருந்த கையும் சுண்டி அறுத்தது.